அத்தை பிரிக்காத பெட்டி

மடிப்புக்காரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் பெரியம்மாவின் இரண்டாவது மகள் வாயால்தான். பஸ் டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டவள் அந்த அக்கா. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் நின்று நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள். அவளுடைய ஒரே மகன், பிரிட்ஜ் மெக்கானிக், தனக்குத் தானே பெண் பார்த்துவிட்டான். “சட்டைக் கம்பெனியில மடிச்சுப் பெட்டியில போடுற வேலையாம். மடிப்புக்காரி” என்று அக்கா உதட்டைப் பிதுக்கினாள். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

கல்யாணமான வருஷமே மாமியாரான அக்காவின் பிறந்தநாள் வந்தது. மாமியாருக்குத் தீராத குதிகால் வலி. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சமையலறைக்குப் போவாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல், வீட்டுக்குள் போட்டு நடக்க மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்தாள் மடிப்புக்காரி.

சும்மா கொடுக்க அவளுக்குக் கை வருமா? வெள்ளைப் பறவைகள் போட்ட நீலத்தாளைச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்து விரித்தாள். பெட்டியையும் நடுவில் கவிழ்த்து வைத்து, தாள் சுற்றி வந்து விரற்கடை மேலேறுமா என்று பார்த்த பிறகுதான் கத்தரியைத் தொட்டாள். விளிம்பை உள்ளே மடித்து, நகத்தால் நீவினாள். இரு முனைகளிலும் பக்கத்தாளை முதலில் உள்ளே தள்ளி, மேலும் கீழும் முக்கோணமாக மடித்து மூடினாள். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைத் தாளுக்கு அடியில் மறைத்து ஒட்டினாள். சேரும் இடத்தில் பாதியாய் நின்ற பறவைக்கு மறுபக்கத்திலிருந்து இறக்கை வந்து பொருந்தியது.

மாமியார் வாங்கினாள். இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிரிக்காமலே கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

மருமகளுக்கு முகம் செத்துப்போயிற்று. என் கையால் வந்தது என்றுதானே இந்த வெறுப்பு என்று மனசு அரித்தது. உள்ளே இருப்பதைச் சொல்லிவிடவா என்று புருஷன் கேட்டதற்கு, வேண்டாதவர்களிடம் போய் என்னத்தைச் சொல்ல என்றாள். வாரங்கள் போயின. பெட்டி அலமாரியில் ஜம்மென்று இருந்தது. மாமியார் அதற்கு முன்னாலேயே நொண்டி நொண்டி நடந்தாள்.

ஒரு நாள் வேலை விட்டு வரும்போது, வாசலிலேயே மாமியாரின் குரல் கேட்டது. அடுத்த வீட்டுத் தையல்காரியின் மடியில் பெட்டியை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

“எங்க ஆரம்பிச்சு எங்க முடிச்சிருக்கான்னு கண்டுபிடி பாப்போம். என் மருமக கட்டுனது. இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிக்கல.”

மடிப்புக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நேரே உள்ளே போனாள்.

“பிரிச்சுப் பாருங்களேன், அத்தை.”

“போம்மா. எனக்குன்னு யாரு இப்படி மூலைக்கு மூலை பாத்துக் கட்டித் தந்திருக்கா? பிரிச்சா போச்சு.”

“கிழியாமப் பிரிச்சா?”

இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூடாக்கி, துணி போட்டு ஒட்டிய இடத்தில் மெல்ல ஒற்றினாள். பசை இளகியது. புண்ணில் கட்டுப் பிரிப்பதைப் பார்ப்பவள்போல, மெதுவா, மெதுவா என்று மாமியார் பதறினாள். டிரைவர் மாமா டிவியை அணைத்துவிட்டு வந்து நின்றார். தாள் முழுசாகக் கழன்று வந்தது; ஒரு பறவைக்கும் சேதமில்லை.

மாமியார் செருப்பில் கால் நுழைத்து எழுந்தாள். சுவரைத் தொடாமல் சமையலறைவரை போய்த் திரும்பினாள். இன்னொரு தடவையும் போனாள். பிறகு மருமகளின் கன்னத்தை வழித்து, “இதுக்கா இத்தனை நாள் நொண்டினேன்! கூறுகெட்டவ நான்” என்றாள். அதே மூச்சில், “பெட்டிய மறுபடி கட்டிடு” என்றாள்.

பழைய மடிப்புகளின் மேலேயே தாள் போய் உட்கார்ந்தது. காலிப் பெட்டி அலமாரி ஏறியது.

“வெறும் பெட்டிக்கா இந்த மரியாதை?” என்றார் மாமா.

“உங்களுக்கும் ஒண்ணு கட்டச் சொல்றேன். உள்ள என்னன்னு கேக்கக் கூடாது.”

அதற்கப்புறம் எங்கள் சொந்தத்தில் யாருக்குப் பரிசு என்றாலும் பொருள் அந்த மேஜைக்குத்தான் போகும். மருமகள் மடிப்பாள், மாமியார் பக்கத்தில் நின்று, வந்தவர்களையெல்லாம் அதட்டி வேலை வாங்குவாள். இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பு தெருவுக்கே கேட்கும்.

வருஷங்கள் ஓடிவிட்டன; மடிப்புக்காரி இப்போது கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கட்டிக்கொடுத்த மகள் வீட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறாள். பரிசு கட்ட வேண்டுமென்றால் நாங்கள் இன்னமும் அந்தப் படிகளைத்தான் ஏறுகிறோம்.