மாமா பழகிய தீவுக் கட்டு

பசிபிக் தீவுகளின் ஓடங்களைப் பற்றிய அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. படங்களெல்லாம் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவை. ஒரு படத்தில், பக்கவாட்டில் மிதவைக் கட்டை வைத்த ஓடத்தின் மேல் தேங்காய்நார்க் கயிறு மீன்முள் போலக் குறுக்கிட்டு ஓடியிருக்கும். அத்தையின் கணவரான மாமா, மரக்காணம் குப்பத்தில் கட்டுமரத்தில் மீன்பிடித்து வந்தவர். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏம்பா, இவனுங்களும் ஆணி அடிக்க மாட்டானுங்களா? அப்போ நம்ம பங்காளிங்கதான்" என்றார். அந்த மீன்முள் கயிற்றுக்கட்டைப் போட்டுப் போட்டுப் பழகித் தம் மரத்தையும் அப்படியே கட்டினார். "ஜடை பின்னிட்டீங்க, பூவும் வெச்சு அனுப்பட்டுமா?" என்பார் அத்தை. இந்தக் கரையில் வேறு யாரும் அப்படிக் கட்டியதில்லை.

ஓர் ஐப்பசியில் போனவர் திரும்பவில்லை. கட்டு அறுந்த மரங்கள் மட்டும் கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ஒதுங்கின; குப்பத்துக்குக் கொண்டுவந்தோம். உடல் கிடைக்காவிட்டால் வைக்கோலில் உருவம் செய்து, போனவரின் மரத்தையே பிளந்து எரிப்பது எங்கள் குப்பத்து வழக்கம். அதுவரை அம்மரங்களில் கயிறு படக்கூடாது. சவுக்குத் தோப்போரம் அவை தனித்தனியாகக் கிடந்தன. அத்தை தாலியைக் கழற்றச் சம்மதிக்கவில்லை. மாதங்கள் போயின. ஆடி அமாவாசையன்று காரியத்தை முடித்துவிடலாம் என்றார் மாமாவின் அண்ணன்.

நாள் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அது அமாவாசைக்கு முந்தின நாள், உச்சிவெயில். உப்பளப் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. மரம் பிளக்கக் கோடரியோடு போன அண்ணன் வெறுங்கையோடு ஓடிவந்தார். போய்ப் பார்த்தோம். மரங்கள் கட்டப்பட்டிருந்தன. மீன்முள் கட்டு. காய்ந்த மணலில் கயிறு மட்டும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"புத்தகம் உங்கிட்டதான இருக்குது?" என்று அண்ணன் என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஷூ லேஸே ஒழுங்கா கட்டத் தெரியாதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை வந்து கயிற்றைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். 'வந்துட்டாரு' என்று சொல்லி, ஆயுள் முழுக்க இந்தக் கரையிலேயே உட்கார்ந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"மரம் இல்லாம எவ்ளோ நாள்தான் தண்ணியில நிப்பாரு? தள்ளி உடுங்க" என்றார் அத்தை.

தூக்கிப்போய்த் தள்ளினோம். கடற்காற்று எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஆளில்லாத மரம் அந்தக் காற்றை எதிர்த்து அலைகளை நேராக ஏறிக் கடந்தது. துடுப்புப் போடுகிறவர் உட்காரும் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் அழுந்தியிருந்தது.

அது மறையும்வரை அத்தை நிற்கவில்லை. தாலியைத் தாமே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நாளைக்குக் காரியத்துக்கு வேற வெறகு பாருங்க" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.