செத்ததாக எழுதப்பட்ட முத்தம்மா

கொள்ளு வேகிற வாசனை... அதோடு ஈரப் புல்லும் உப்புக்காற்றும் கலந்து வரும். ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு விடியல் அப்படித்தான் வரும். கண்ணைத் திறக்காமல் படுத்திருப்பேன். வெளியே முத்தம்மா குளம்பால் மண்ணைத் தட்டுவாள்.

முத்தம்மா எங்கள் அப்பாவின், அதாவது நைனாவின், ஜட்கா வண்டிக் குதிரை.

நேற்று என் அக்கா சரோஜாவின் பேரன் போன் பண்ணினான். காலேஜில் குதிரைகளின் வரலாறு பற்றிக் கட்டுரையாம். "சின்னப் பாட்டி, பிரைமரி சோர்ஸ்னா அந்தக் காலத்துலயே எழுதி வெச்சது. செகண்டரி சோர்ஸ்னா பின்னாடி வேற ஒருத்தர் எழுதினது" என்று எனக்குப் பாடம் எடுத்தான். சிரிப்பு வந்துவிட்டது. டேய், அந்த வேலையை நான் பத்தொன்பது வயசிலேயே பார்த்தவள்...

ஐம்பதுகளின் நடுப்பகுதி. சரோஜாவுக்குத் திருவொற்றியூரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா துறைமுகத்தில் மேஸ்திரி. எல்லாம் கூடி வந்த நேரத்தில், எங்கள் தெருக்காரர் யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்: இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் துறைமுகத்திலிருந்து திருடிய குதிரை முத்தம்மா என்று. மேஸ்திரி சொல்லி அனுப்பினார். "குதிர எப்டி வந்துச்சின்னு சொல்லட்டும். அப்பால பாக்கலாம்."

நைனாவிடம் யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "கடல் குட்த்துது."

இதை யார் நம்புவார்கள்? உண்மையைச் சொல்கிறேன், எனக்கே பாதி நம்பிக்கை இல்லை.

அப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். சண்டைக் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குதிரைகளை இறக்கியது அந்த ஆபீஸ்தான். பழைய ரெஜிஸ்டர்கள் பின்னறையில் கிடந்தன. ஒவ்வொரு குதிரைக்கும் எதிரே அதன் தோளில் இருக்கும் சூட்டுக்குறியைப் பென்சிலால் வரைந்திருப்பார்கள். முத்தம்மாவின் குறி எனக்கு மனப்பாடம். ஒரு முக்கோணம், உள்ளே 7.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவைத் திறக்காமல் நாலு நாள் தேடினேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம். கரையிறங்கிய குதிரைகளில் அந்தக் குறி இல்லவே இல்லை. அப்படியானால் நைனா வேறு எங்கிருந்தோ...?

பாக்கியம் அக்கா காசிமேட்டு மீன்காரம்மா. நைனாவின் வண்டியில்தான் கூடையோடு மார்க்கெட் போவாள். அவளிடம் போய் நின்றேன். "நைனா எங்கருந்து கொண்டாந்தாரு? நெசத்த சொல்லுக்கா."

"கொண்டாந்தாரா? அது நீஞ்சிகினு வந்துச்சிமா," என்றாள். "கருக்கல்ல நாங்க வலைய இஸ்துகினு இருந்தோம். அலைக்கு நடுவுல ரெண்டு காது தெரிஞ்சிது. கரையேறி நின்னு ஒதறிச்சி பாரு... நெத்தில குங்குமம் வெச்சி கும்ட்டோம்."

கடல் ஒதுக்குவது கரையில் நிற்கிற அத்தனை பேருக்கும் பங்கு என்பது அவர்கள் வழக்கம். கூடை ஏற்றக் காத்திருந்த நைனாவும் அன்று கரையில் நின்றிருக்கிறார்.

"மீனா இருந்தா கூறு போட்லாம். குதிரய இன்னா பண்றது? தீனி போடத் தெரிஞ்சவரு உங்க நைனாதான். எங்க பங்கையும் அவருக்கே வுட்டுட்டோம்."

துறைமுகத்தில் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கடல் கொடுத்ததற்கு யாரிடம் கேட்பது?

மறுநாள் முழுக்க டைப் அடிக்கும்போது அந்த ரெண்டு காதுகள்தான் கண்முன் மிதந்தன. கரை எந்தப் பக்கம் என்று அதற்கு யார் சொன்னது?... மத்தியானம் அதே ரெஜிஸ்டரைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினேன். வராத குதிரைகளின் பட்டியல். முக்கோணம். உள்ளே 7.

'கப்பலிலிருந்து இறக்கத் தூக்கும்போது வயிற்றுப் பட்டை நழுவிக் கடலில் விழுந்தது. இறந்தது.'

துறைமுகக் கேட்டில் எண்ணும்போது வராத குதிரை செத்த குதிரை. குமாஸ்தா அதோடு விட்டுவிட்டார்.

நகல் எடுத்துக்கொண்டு ஓடிவந்து நைனாவிடம் படித்துக் காட்டினேன். அவர் முத்தம்மாவின் கழுத்தைத் தடவினார். "இத்த காட்னா 'எங்க குதிர'ன்னு துறைமுகத்துக்காரனுங்க கேட்டு வருவானுங்க இல்ல?"

"வரலாம் நைனா."

"வரட்டும். சரோஜாவ வுட குதிரயா பெர்சு? வண்டில ஏறு."

திருவொற்றியூர் போகிற வழியெல்லாம் அவர் சாட்டையைத் தொடவே இல்லை.

மேஸ்திரி வாசலுக்கு வந்தார். படித்தேன். அவர் வாளித் தண்ணீரில் கையை நனைத்து, முத்தம்மாவின் தோளில் ரோமத்தை நீவி ஒதுக்கினார். குறி தெரிந்தது. அவர் கை அங்கேயே நின்றுவிட்டது.

"நான் அங்கதான் நின்னுகினு இருந்தேம்மா. பட்டைய மாட்னது என் ஆளுங்க. இத்தினி வருசமா அது வியுந்த சத்தம் என் காதுல கீது," என்றவர், பிறகு நைனாவைப் பார்த்தார். "ரெஜிஸ்டர்ல அது செத்ததாவே இருக்கட்டும். தை மாசம் கல்யாணத்த வெச்சிக்கலாம்."

நைனாவைச் சந்தேகப்பட்ட அந்த நாலு நாளுக்காக எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் ராயபுரத் தெருவில் இன்று கண்டெய்னர் லாரிகள்தான். பேரன் போனைத் தேய்த்தால் ஒரு நிமிஷத்தில் குதிரைக் கப்பல் படங்கள் வருகின்றன, தும்மல் இல்லாமல். என் மருமகள் உடம்பு இளைக்கக் கொள்ளு சூப் வைக்கிறாள். அந்த வாசனை வரும்போது மட்டும் நான் கண்ணைத் திறப்பதில்லை...

பத்திரமாக வைத்திருந்த அந்த நகலைப் பேரனுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். "ஆவணப்படி குதிரை செத்துடுச்சு பாட்டி. அப்படித்தான் எழுதணும்," என்கிறான்.

எழுதிக்கொள்ளடா கண்ணா. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள். உன் தாத்தா தாலி கட்ட வந்தது அந்தக் குதிரை பூட்டிய வண்டியில்தான்.