அணைத்த டிவியில் கேட்ட அழுகை

என் கணவர் எங்கள் சித்தூர் வீட்டில் நடுக்கூடத்து டிவிக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைத் தாமே ஒயர் இழுத்து மாட்டினார். ஒன்று சமையலறையில் எனக்கு. மற்றொன்று முன்னறையில், எழுந்து நடக்க முடியாத மாமாவின் தலைமாட்டில். அடுத்த மாதமே திருப்பதி ரோட்டில் லாரி மோதி என் கணவர் போய்விட்டார்.

அடக்கத்தன்று மாமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவரே எங்களைத் தேற்றினார். அவருக்குத் தெரியாமல் நான் சமையலறையில்தான் அழுவேன்.

ஒரு மதியம் பாத்திரம் துலக்கும்போது, அணைந்திருந்த டிவியின் ஸ்பீக்கரில் ஓர் ஆண் விசும்புவது மெலிதாகக் கேட்டது. குரல் அப்படியே என் கணவருடையது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அப்போதும் நிற்கவில்லை. ஜெபம் சொல்லிக்கொண்டே பின்வாசல் வழியாகத் தெருவுக்கு வந்துவிட்டேன்.

மறுநாளும் கேட்டது. ரேடியோ மெக்கானிக்கை அழைத்துவந்தேன். என்னைச் சமையலறையில் நிறுத்திவிட்டு அவர் முன்னறைக்குப் போனார்.

"அக்கா, கேக்குதா?" ஸ்பீக்கரில் அவர் குரல்!

திரும்பி வந்து சொன்னார்: "ரெண்டு பொட்டிக்கும் ஒரே ஒயருதான், அக்கா. ஸ்பீக்கரே மைக் மாதிரி வேல செய்யுது. டிவி ஆஃப்ல இருந்தாலும் அங்க பேசினா இங்க கேக்கும்."

அப்படியானால் அழுதது மாமா.

சாயங்காலம் காபியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் தலைமாட்டுப் பெட்டியைக் காட்டினார்.

"நீ அங்க அழுதுகினு இருக்கறது தெனமும் இதுல கேக்குதும்மா. அத கேட்டுத்தான் எனக்கும் தாங்கல."

அன்றே ஒயரைக் கழற்றிவிட்டேன். இப்போதெல்லாம் அழுகை வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு அவர் கட்டிலுக்குப் போய்விடுகிறேன்.