மெக்கானிக் வீட்டுக் கீசர்

தண்ணீரில் உப்பு இருக்கிற ஊரில் கீசர் மெக்கானிக் கடை ஒருநாளும் ஈ ஓட்டாது. குழாய் மூக்கில் வெள்ளைத் தாடி வளர்த்துக்கொண்டு, பக்கெட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோன என் சக துக்கக்காரர்களே, இதன் கடைசியில் ஒருவர் வசமாக அசடு வழியப்போகிறார். நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கப்போகிறீர்கள். யார் என்று இப்போது சொல்ல மாட்டேன். சுவிட்சைப் போட்ட உடனே சுடுதண்ணி வந்துவிடுகிறதா என்ன? பக்கெட்டோடு கொஞ்சம் நில்லுங்கள்.

கடை திருப்பதியில். மெக்கானிக் என் நைனா, அதாவது அப்பா. காலேஜ் விட்டு வந்து போன் எடுப்பது நான். இன்டர், அதாவது உங்கள் ஊர் பிளஸ் டூ, படிக்கிறேன். படிப்பு சுமார். ஆனால் யார் குரலைக் கேட்டாலும் அடுத்த நிமிஷம் அது என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். போன மார்கழியில் எங்கள் வீட்டுக் கீசரே படுத்துவிட்டது. "நாளைக்குப் பாக்கறேன்" என்று நைனா சொல்லிச் சொல்லியே மூன்று வாரம் ஓடியது. ஒரு காலை அம்மா பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, பல் தந்தியடிக்கத் தீர்ப்புச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணலேன்னா எதிர்க்கடைக்காரர வரச் சொல்லிடுவேன்." எதிர்க்கடைக்காரர் எங்கள் பாத்ரூமில் ஸ்பேனர் பிடித்தால் நைனா தன் கடை போர்டைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான். அந்த வாரம் நைனா வேறு எங்கெங்கே போய்க்கொண்டிருந்தார் தெரியுமா?

பாத்ரூமில் கூட்ஸ் வண்டி

பாகாலாவில் ஒரு ரிட்டையர்டு ரயில்வே கார்டு. அவர் வீட்டுக் கீசரைப் போட்டால் முதலில் முணுமுணுப்பு, பிறகு தடதடவென்று கூட்ஸ் வண்டி. போனிலேயே அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினார். நான் அதை இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்து, "இப்படியா சார்?" என்றேன். "அதேதாம்மா, அதேதான்!" என்றார் பரவசமாக.

நைனா போய்த் திறந்து பார்த்தால், தண்ணீரைச் சூடாக்குகிற காயில் கம்பி முழுக்கச் சுண்ணாம்பு. அடியில் முட்டை ஓடு மாதிரி உதிர்ந்தது ஒரு சட்டி நிறைய. தண்ணீர் கொதித்தால் அத்தனையும் ஆட்டம் போடாமல் என்ன செய்யும்? சுத்தம் பண்ணி மாட்டி, சுவிட்சைப் போட்டார். சத்தமே இல்லை. கார்டு சாருக்கு முகம் வாடிவிட்டது. "என் சம்சாரம் காலைல சுவிட்சப் போடுவா, அந்தச் சத்தத்துலதாம்பா நான் எழுந்துக்கினு இருந்தேன். இனிமே என்னை யார் எழுப்பறது?"

தானாக நிற்கிற சட்டை

தமிழ்நாட்டிலிருந்து வந்து ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர். வீட்டில் துணி துவைப்பது அவர் பொறுப்பு. மெஷினிலிருந்து வருகிற சட்டை அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. நுரை வரவில்லையே என்று அவர் இன்னும் ஒரு கரண்டி பவுடர் போட, அதுவும் துணியில் அப்பிக்கொள்கிறது. டூல்ஸ் பையோடு அன்று நானும் போயிருந்தேன். நைனா ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர் பிடித்து, இரண்டிலும் சோப்பைச் சீவிப்போட்டுக் குலுக்கினார். கேன் தண்ணீர் நுரைத்துப் பொங்கியது. குழாய்த் தண்ணீர் மோர் மாதிரி வெளுத்துவிட்டுச் சும்மா இருந்தது. "தப்பு உங்க மேலயும் இல்ல, மெஷின் மேலயும் இல்ல" என்றார் நைனா.

அண்ணன் கண்கலங்காத குறை. "இத என் ஒய்ஃபுக்கு யாராவது சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டா." உடனே நான் அவர் போனை வாங்கி, கரகரவென்று ஒரு சீனியர் இன்ஜினியர் குரலில், தண்ணீரின் குற்றங்களை ஒவ்வொன்றாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அக்கா சொன்னார்: "சரி சார், தண்ணி மேலதான் தப்பு. ஆனா தோச்ச துணிய மெஷின்லயே ரெண்டு நாள் மறந்து வெச்சுடறாரே, அதுவும் உப்புனாலதானா?"

கெட்டிலில் பன்னீர்

நகரியில் தறி ஓட்டுகிற வீடு. எலக்ட்ரிக் கெட்டிலின் அடியில் வெள்ளைப் பாறை. நிம்ம உப்பு, அதாவது எலுமிச்சை உப்பு, ஒரு ஸ்பூன் போட்டுக் கொதிக்கவிட்டு ஊற வையுங்கள் என்று நைனா போனில் சொன்னார். அந்த வீட்டு அக்கா ஊற வைத்துவிட்டு வெளியே போனார். தறியை நிறுத்திவிட்டு டீ ஆசையோடு வந்த அவர் வீட்டுக்காரர், உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் என்று நினைத்து அதிலேயே பாலை ஊற்றி சுவிட்சைத் தட்டிவிட்டார். மறுநாள் அக்காவின் போன். திட்டு நிச்சயம் என்று காதைத் தள்ளி வைத்துக்கொண்டேன். "உங்க நைனாகிட்ட சொல்லும்மா, கெட்டிலு பளபளன்னு ஆயிடுச்சு. பாலு திரிஞ்சு போச்சு, வடிகட்டிப் பாத்தா பன்னீரு! பட்டாணி போட்டு குருமா வெச்சுத் துன்னோம். அடுத்த வாட்டி எவ்ளோ பாலு ஊத்தறது?"

பின்சந்துப் பார்ட்டி

சனிக்கிழமை வந்துவிட்டது. வீட்டில் இன்னும் பச்சைத் தண்ணீர்தான். எதிர்க்கடை நம்பரை அம்மா வாங்கி வைத்தாயிற்று. நான் பக்கத்து ஜூஸ் கடைக்குள் புகுந்து, தோழியின் போனிலிருந்து நைனாவைக் கூப்பிட்டேன். குரல், மூக்கால் பேசுகிற ஒரு மேடம்.

"ஏவண்டி மெக்கானிக் காரு, மா கீசரு பனி சேயட்லேது, வேலையே செய்யல. மூணு வாரமா பச்சத்தண்ணிலதான் குளிச்சுக்கினு இருக்கோம்."

"மூணு வாரமாவா? உங்க வீட்டுக்காரரு என்னம்மா பண்ணிக்கினு இருக்காரு?"

"ஊராரு வேலையெல்லாம் பாப்பாரண்டி. நம்ம வீட்டு வேலைன்னா நாளைக்கு நாளைக்குன்றாரு."

நைனாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "நல்ல ஆளும்மா! இன்னிக்கே வரேன். அவரு இருந்தாருன்னா நானே நாலு வார்த்த கேக்கறேன்."

ஸ்கூட்டரில் நைனா முன்னால், 'மேடம்' சொன்ன விலாசத்துக்குப் போனில் மேப்போடு நான் பின்னால். இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பின்பக்கச் சந்துக்குள் நைனா தலைகாட்டியதே இல்லை. மேப் அம்மணி வாய் திறக்காத இடங்களில் அவள் குரலில் நானே "வலதுபுறம் திரும்பவும்" என்றேன். நைனாவும் பயபக்தியோடு திரும்பினார். ஒரு பச்சைக் கதவின் முன்னால் வண்டி நின்றது.

காலரைச் சரிசெய்துகொண்டு, "மேடம், கீசர் மெக்கானிக்" என்று குரல் கொடுத்தபடி நைனா உள்ளே நுழைந்தார். கொடியில் ஒரு லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. "என்கிட்டயும் இதே கட்டம் போட்ட லுங்கி இருக்குது" என்றார் என்னிடம். நான் வானத்தைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டுப் பின்வாசல்தான் அது; பாத்ரூம் பக்கமிருந்து காலி பக்கெட்டோடு அம்மா வந்தாள். "வாங்க மெக்கானிக் காரு. வீட்டுக்காரர நாலு வார்த்த கேக்கணும்னீங்களாமே, கேளுங்க."

நைனா அம்மாவைப் பார்த்தார். லுங்கியைப் பார்த்தார். கடைசியாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவரும் மூக்கால் பேசினார்: "ஏவண்டி மேடம் காரு, அந்த ஸ்பேனர எடுங்க."

ஊரில் எந்த வீட்டுக் கீசருக்கும் ஒரு போன் போதும், மெக்கானிக் வீட்டுக் கீசருக்குத்தான் குரல் மாற்றத் தெரிந்த ஒரு மகளும் தேவைப்படுகிறாள்.