கதவைச் சாத்தச் சொன்ன தேர்வு

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான மையம் ஒன்றில் நான் ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிது. சேத்தூர், செட்டியார்பட்டி என்று பஸ் ஏறிப் போய், வீடு வீடாகப் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, டாக்டரிடம் காட்டி, வகுப்பில் சேர்த்துவிட வேண்டும். ஐந்து வருடம் அப்படி அலைந்த பிறகு, மூன்று மாதப் பயிற்சியில் தேறாதவர்கள் இந்த வேலையில் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் போய் உட்கார்ந்தேன்.

கடைசி நாள் செய்முறைத் தேர்வு. ராஜபாளையத்திலிருந்து ஒரு அம்மா எட்டு வயது மகளோடு வந்திருந்தார். நான் நிரப்பும் படிவத்தைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் இடம் கொடுப்பார்கள். அச்சடித்திருந்ததை மூன்று தடவை சொல்ல வேண்டும். ஒரு சொல் மாறக்கூடாது.

"கதவைச் சாத்திட்டு வா" என்றேன். பிள்ளை என் முகத்தையே பார்த்தது. மூன்று தடவையும் அப்படியே. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பெத்தவங்க பேசக்கூடாது" என்று அதட்டினார் பயிற்சியாளர். வெளியூர்க்காரர். என் பக்கம் திரும்பி, "சொன்னது புரியலைன்னு எழுதுங்க. அடுத்தது" என்றார்.

அப்படி எழுதினால் இடம் கிடையாது; சொன்னது புரிந்து செய்கிற பிள்ளைகளை மட்டும்தான் வகுப்பில் எடுப்பார்கள். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். தெலுங்கு! அட கூறுகெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ராஜபாளையத்தில் எத்தனை வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா?

"தலுபு வேசி ரா" என்று அதையே சொன்னேன், எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில்.

பிள்ளை எழுந்து போய்க் கதவைச் சாத்தியது. தாழ்ப்பாளும் போட்டுவிட்டு வந்தது.

"கேள்விய மாத்திட்டீங்க. செல்லாது."

"மாத்தல சார். பிள்ளைக்குப் புரியுற பேச்சுல கேட்டேன்."

"ஃபெயில் போட்ருவேன்."

"தாராளமா போடுங்க. உங்க மார்க்க நீங்களே வச்சுக்கிடுங்க. இவளுக்குப் புரியலன்னு என் கையால எழுதமாட்டேன்."

'புரிகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோபம்தான். பயமும் இருந்தது, அதை ஏன் மறைக்க?

சொன்னபடியே ஃபெயில் போட்டார். பிள்ளைக்கு இடம் கிடைத்தது. என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். தேறினால் திரும்பி வரலாம் என்றார்கள். மறுபடியும் மூன்று மாதம் உட்கார்ந்தேன். கடைசி நாள் அதே பயிற்சியாளர், அதே படிவம். எதிரே வேறொரு பிள்ளை, வேறொரு அம்மா. படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்த அம்மாவிடம் கேட்டேன்: "வீட்டுல என்ன பாஷை பேசுவீக?"

பயிற்சியாளர் பேனாவைத் திறந்தார். எழுதட்டும் என்று அந்த அம்மாவின் பதிலுக்குக் காத்திருந்தேன்.