கட்டி என்ற சொல்

மீன்பிடித் துறைமுகத்து வாசலில் நானும் அக்கா வீட்டுக்காரரான மச்சானும் ரத்தம் கொடுக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தோம். அக்காவின் குழந்தை மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. ஆபரேஷன் செய்து, நுரையீரலுக்கு ரத்தம் போக உள்ளே சின்னக் குழாய் ஒன்று வைத்திருந்தார்கள். அது அடைத்துக்கொண்டது. இதயம் நின்றுபோய், இப்போது அவளுக்காக ஒரு மெஷின்தான் ரத்தத்தைச் சுற்றவிடுகிறது. அதற்கு ரத்தம் போட்டு மாளவில்லை.

மச்சானோடு கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர்கள் வேனில் ஏறினார்கள்.

“ஏலே, இவன் ஊசியப் பாத்தாலே மயங்கிருவான். முன்னாடி உக்கார வைங்க.”

“கடலுக்குள்ள சுறாவையே பாத்தவன்டே நான்.”

“சுறா ஊசியா வச்சிருந்துச்சு?”

அப்போது போன் அடித்தது. டாக்டர். ஸ்பீக்கரில் போட்டேன்.

“உள்ள வச்ச குழாய்ல ரத்தக்கட்டி இருக்கு. தொடை வழியா மெல்லிய குழாய் விட்டு எடுக்கணும். ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. ஆனா எடுக்காம விட முடியாது. அப்பா சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்னு அம்மா சொல்றாங்க.”

“வேண்டாம்” என்றார் மச்சான். ஐஸ் லாரிப் பக்கமாக விறுவிறுவென்று நடந்தார்.

போனும் கையுமாகப் பின்னால் ஓடினேன். “மச்சான், நான் எல்லாம் படிச்சுப் பாத்துட்டேன்...”

“நீ படிச்சவன். எங்க அம்மைக்கு வயித்துல கட்டின்னுதான் கத்தி வச்சாங்க. பிறவு உடம்பு பூரா பரவுனத நீ பாக்கல. பச்சப்பிள்ளைக்கும் அதே கட்டியா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. “இது வேற கட்டி மச்சான்” என்றேன். வேறு என்றால் என்ன என்று கேட்டார். இங்கிலீஷில் ‘கிளாட்’ என்று வாய்வரை வந்தது. தமிழில் கட்டியைத் தவிர ஒன்றும் வரவில்லை. என் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான்.

“தம்பி, என்ன சொல்லுதாரு?” போனில் அக்காவின் குரல். சொன்னேன். “அவருட்ட குடு.”

“ஏங்க, ஞாயித்துக்கிழமை ஆட்டு ரத்தம் வாங்கிட்டு வருவியள்லா, வீடு வருமுன்ன உறைஞ்சு போவுமே, அதுதான் உள்ள நிக்கி. பரவுற கட்டி இல்ல.”

“வெறும் ரத்தமா?”

“வெறும் ரத்தந்தான்.”

என்னைப் பார்த்தார். “கத்தி?”

“கிடையாது மச்சான். குழாயால உறிஞ்சி எடுப்பாங்க.”

“கையெழுத்தப் போட்டுரு” என்றார் போனில். திரும்பி வந்து வேனில் ஏறினார்.

வேன் கிளம்பியது. எட்டயபுரம் தாண்டியது. போனை மடியில் வைப்பேன், எடுப்பேன், சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

“அதை எடுத்துட்டா நம்ம ரத்தம் வேண்டாமோ?” முன்சீட்டுக்காரர் மெல்லக் கேட்டார்.

“ஆசையப் பாரு!”

அருப்புக்கோட்டை நெருங்கும்போது அக்கா கூப்பிட்டாள். “எடுத்துட்டாவ. குழாய்ல ரத்தம் ஓடுதாம். மெஷின இன்னும் கழட்டல. ரத்தம் வேணுமாம்.”

மச்சான் போனைப் பிடுங்கினார். “அந்தக் கட்டி...” என்றவர் நிறுத்திக்கொண்டார். “அந்த உறைஞ்சத நீ பாத்தியா?”

“பாத்தேன். கொத்தமல்லி விதை அளவுதான்.”

போனை என்னிடம் கொடுத்துவிட்டு டிரைவர் பக்கம் குனிந்தார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் மிதிங்க.”