முதல் பாதிக்குப் போட்ட புள்ளிகள்

ஒரு பெடியன் பந்து உதைப்பதை அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு, இரண்டு வருசம் கழித்து அவன் எப்படி விளையாடுவான் என்று எழுதிக் கொடுப்பது என் தொழிலில் பாதி. எழுதியது பிழையாய்ப் போன பிறகு கல்லூரி அதிபரின் கண்ணில் படாமல் திரிவது மற்றப் பாதி. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தவர்கள், பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு வாங்கியவர்கள், நேர்முகப் பரீட்சையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் என் கட்சிதான். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

ஓமந்தை ஒன்பது

எழுபதுகளின் கடைசியில் கிளிநொச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் விளையாட்டு ஆசிரியர். எங்கள் விடுதியில் உதைபந்தாட்டக்காரருக்கென்று வருசம் நாலு கட்டில் இலவசம். சாப்பாடும் படிப்பும் அதோடு சேர்த்தி. தூரத்து ஊர்ப் பெடியள் பலருக்குப் பத்தாம் வகுப்புக்கு மேலே படிக்க அதை விட்டால் வழியில்லை. ஆவணியில் குளங்கள் வற்றிவிடும். வற்றிய குளம்தான் ஊருக்கு மைதானம். நான் ஊர் ஊராகப் போய், மர நிழலில் இருந்து, பத்துக்கு இத்தனை என்று நீலக் கொப்பியில் புள்ளி போடுவேன். எட்டு வாங்கினால் கட்டில். கடைசி பஸ் நேரத்தோடு வந்துவிடுவதால் முதல் பாதி முடிந்ததும் எழும்பிவிடுவேன். அரை மணித்தியாலம் போதும் என்று எனக்கு என் கண்ணில் அவ்வளவு நம்பிக்கை.

ஓமந்தையில் சிவபாலன் என்றொரு பெடியன். அவனுக்குப் பின்னால் ஓடியவர்களுக்குப் புழுதிதான் கிடைத்தது. யோசிக்காமல் ஒன்பது போட்டேன். தை மாதம் எங்கள் மைதானத்தில் அதே சிவபாலன் பத்து நிமிடம் ஓடிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். ஊர் மாறிய ஏக்கம், விடுதிச் சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் ஏதேதோ காரணம் சொன்னேன். அதிபர் கணக்குப் படிப்பித்தவர். காரணங்களில் அவருக்கு விருப்பமில்லை.

"மாஸ்டர், உம்மட ஒன்பதுக்கு மூச்சு வாங்குது. ஒரு கதிரை கொண்டுபோய்ப் போடும்."

உடையார்கட்டில் ஊர் விசாரணை

அடுத்த வருசம் என் கண்ணை மட்டும் நம்பாமல் ஊரையும் விசாரிப்போம் என்று உடையார்கட்டுக்குப் போனேன். விசாரித்த இடமெல்லாம் நல்ல சேதிதான். கடைக்காரர் தன் மருமகனைச் சொன்னார். தபால்காரர் தன் தம்பியைச் சொன்னார். மத்தியஸ்தராக நின்றவர் விசிலை வாயிலிருந்து எடுத்து, தன் மகனைச் சொல்லிவிட்டுத் திரும்ப ஊதினார். கடைசியில், யாருக்கும் சொந்தமில்லாத ஒருவனைக் கேட்டால் உண்மை வரும் என்று, வெளியூர்க் குழுவின் கோல் காப்பாளனிடம் போனேன். இன்றைக்கு உனக்கு ஆரைக் கண்டால் பயம் என்று கேட்டேன். அவன் நன்றாக யோசித்துத் தன் பக்கத்துப் பின்வரிசைக்காரனைக் காட்டினான்.

"உவனுக்குத்தான் எனக்குப் பயம், மாஸ்டர். போன மாசம் எனக்கு ரெண்டு கோல் அடிச்சவன்."

கனகராயன்குளத்தில் ஒரு நாலு

மூன்றாம் வருசம். மூன்று கட்டில் நிரம்பி, ஒன்று மிச்சம். கனகராயன்குளத்தில் ஊர்க் குழுவுக்கும், காட்டோரம் புதிதாகக் குடியேறிய மலையகக் குடும்பங்களின் பெடியளுக்கும் ஆட்டம். ஊர்க் குழுவின் தலைவன் இரண்டு கோல் போட்டான். அவனுக்கு எட்டு. எதிர்ப்பக்கத்தில் செல்வராஜ் என்று ஒரு மெலிந்த பெடியன். வெறுங்கால். பந்து அவன் காலில் ஒட்டவே இல்லை. பறிகொடுப்பான், துரத்துவான், திரும்பப் பறிகொடுப்பான். நாலு போட்டேன்.

முதல் பாதி முடிந்து எழும்பும்போது ஒரு பெண் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார். செல்வராஜின் தாய் பாக்கியம். "எடம் கெடைக்கலைன்னா திங்கக்கெழம அவங்கப்பாவோட மரக்காலைக்கு மரம் அறுக்கப் போறான், சார். படிக்கிற புள்ள," என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் நாலு நாலுதானே? பார்த்தது போதுமம்மா, பஸ் வந்துவிடும் என்று கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கெஞ்சவில்லை, மைதானத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"அவன் இனிமேத்தான் சார் ஓடுவான்."

குளக்கட்டுத் தேத்தண்ணிக் கடை

பஸ் பழுதாம், இன்னும் ஒரு மணித்தியாலமாம். குளக்கட்டின் மேலே வேலுப்பிள்ளை அண்ணையின் தேத்தண்ணிக் கடை மர வாங்கில் குந்திக்கொண்டு, வேறு வேலையில்லாமல் கீழே பார்த்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஓர் இரண்டாம் பாதியைப் பார்த்தேன்.

குளம் என்றால் கட்டுப் பக்கம் பள்ளம், காட்டுப் பக்கம் மேடு. நிழலில் இருந்தால் தெரியாது. குளக்கட்டில் ஏறி நின்றால் குழந்தைக்கும் தெரியும். பக்கம் மாறியதும் என்னுடைய எட்டு மேட்டில் ஏறமுடியாமல் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றது. சிவபாலன் நின்ற அதே நிலை! செல்வராஜ் பள்ளத்தில் பறந்தான். அதற்கு நான் மயங்கவில்லை, பள்ளத்தில் ஆரும் பறக்கலாம். ஆனால் முதல் பாதி முழுக்க மேட்டில் ஓடிய அந்தப் பெடியன் ஒரு தடவையாவது நின்றானா என்று நினைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தும் நான் பார்க்கவில்லை.

இந்தப் பக்கத்தில் நாணயம் சுண்டுவதில்லை. குளம் எந்த ஊருடையதோ அந்த ஊர்ப் பெடியள்தான் பக்கத்தைத் தெரிவுசெய்வது வழக்கம். "முதல் பாதிக்கு இவங்கள் எப்பவும் பள்ளப் பக்கம் பாத்தோ அடிக்கிறவங்கள்?" என்று அண்ணையைக் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணி தளும்பியது.

"நீங்கள் வாற நாளில மட்டும்தான், மாஸ்டர். முதல் பாதியோட எழும்பிப் போடுவியள் எண்டு ஓமந்தையிலயிருந்து எல்லாருக்கும் தெரியும்."

சமதரை

திங்கள் காலை அதிபர் பெயர்ப்பட்டியல் ஒட்டுவதாக இருந்தது. அதற்கு முன் நீலக் கொப்பியோடு போய் நின்றேன். மூன்று வருசமாக நான் புள்ளி போட்டது பெடியளுக்கு இல்லை, சரிவுக்கு என்று ஒப்புக்கொண்டேன். அதிபர் கொப்பியை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எட்டும் ஒன்பதும் எல்லாம் குளத்துக்காரப் பெடியள். மூன்றும் நாலும் எல்லாம் வந்து விளையாடியவர்கள். "அப்ப உந்தப் பெடியனுக்கு எத்தினை போடுவீர்?" என்றார். எனக்குத் தெரியாது, சேர், என்றேன். அந்தத் தொழிலில் நான் சொன்ன முதல் உண்மை அது. இரண்டு பேரையும் இங்கே கூப்பிட்டு, சமதரையில் விட்டு, முழு ஆட்டமும் பார்ப்போம் என்று கேட்டேன். பட்டியல் மேசை லாச்சிக்குள் போனது. செல்வராஜை அதுவரை மரக்காலைக்கு விடவேண்டாம் என்று பாக்கியத்துக்கு ஆள் அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு அதிபரே வெயிலில் கதிரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஊர்க் குழுத் தலைவன் கெட்டிக்காரன்தான்; ஆறு. செல்வராஜுக்கு இன்னும் பந்து காலில் சரியாக ஒட்டவில்லை, ஆனால் கடைசி விசில் வரை ஓடினான். மனச்சாட்சிப்படி ஏழு போட்டேன். எட்டில்லாவிட்டால் கட்டிலில்லை என்று தெரிந்தும் கொப்பியை நீட்டினேன். அதிபர் கொப்பியை வாங்கிப் பார்த்தார்.

"உம்மட ஒன்பதுகளைவிட இந்த ஏழு புள்ளியை நான் நம்புறன். பெட்டியைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லும்."

தகரப் பெட்டி

தை மாதம் பாக்கியம் மகனையும் ஒரு தகரப் பெட்டியையும் விடுதி வாசலில் கொண்டுவந்து விட்டார். ஊர்க் குழுத் தலைவனும் கூட வந்திருந்தான்; பெட்டியின் ஒரு பக்கத்தை அவன்தான் பிடித்திருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டி கனக்குது போல என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பாக்கியம் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பயாவது முழுசாப் பாத்தீங்களா, சார்?"

அதற்குப் பிறகும் என் புள்ளிகள் பிழையாய்ப் போகாமல் இல்லை. ஆனால் அவையெல்லாம் கடைசி விசில் வரை இருந்து, கடைசி பஸ்ஸையும் தவறவிட்டு, கிளிநொச்சி வரை இரவல் சைக்கிள் உழக்கிச் செய்த பிழைகள்.